கெக்வொர்த் 1989: உடைந்த எலும்பிலிருந்து இருக்கையின் குழாய்வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

1989 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு 7.52க்கு லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் நோக்கிப் புறப்பட்டது பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400. ஒரு கைக்குழந்தையையும் சேர்த்துப் பயணிகள் 118 பேர், பணியாளர்கள் 8 பேர். விமானம் புதியது. மொத்தமே 521 மணி நேரம்தான் பறந்திருந்தது.

இரவு 8.05க்கு, 28,300 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்றின் வெளிப்பகுதி உலோகச் சோர்வால் முறிந்தது. விமானம் அதிர்ந்தது, உள்ளே புகை வாடை வந்தது. விமானிகள் கோளாறு வலது எஞ்சினில் என்று நினைத்து அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு அதிர்வு தணிந்ததால், எடுத்த முடிவு சரி என்றே அவர்களுக்குப் பட்டது. ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்கத் திரும்பினார்கள். ஓடுபாதைக்கு இன்னும் 2.4 கடல் மைல் இருக்கையில், 900 அடி உயரத்தில், பழுதான இடது எஞ்சின் திடீரென்று சக்தியை இழந்தது. கெக்வொர்த் என்ற ஊரை ஒட்டி, ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், 8.24க்கு விமானம் தரையில் மோதியது.

தவறான எஞ்சினை ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. விமானத் துறையில் மனிதத் தவறு என்று பேச்செடுத்தாலே இந்த விபத்துதான் முதலில் வரும். அதே விபத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. உள்ளே இருந்த 126 பேருடைய உடல்களுக்கு என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து தேடினார்கள். காயங்களை வைத்து விபத்தையும், விபத்தை வைத்துக் காயங்களையும் மறுகட்டமைக்கும் துறைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து குறைவு. இந்த ஆய்வு அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிறது.

மோதல் நடந்த விதம்

மோதல் ஒன்றல்ல, இரண்டு. முதலில், எம்1 நெடுஞ்சாலையின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருந்த வயலில், மூக்கு மேலே தூக்கியிருந்த நிலையில் விமானத்தின் பின்பகுதி தரையைத் தொட்டது. அந்த அடி தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. அப்புறம் விமானம் சாலையைத் தாண்டிப் போய், அங்கிருந்து 70 மீட்டர் மேற்கே, 10 மீட்டர் தாழ்வாக இருந்த மறுகரையில் மோதியது. இரண்டாவது மோதலின்போது வேகம் 80 முதல் 100 நாட் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. கிலோமீட்டரில் சொன்னால் மணிக்குச் சுமார் 150 முதல் 185. சாலையில் போன எந்த வாகனமும் அடிபடவில்லை.

விமானத்தின் உடற்கூடு மூன்று துண்டானது. முன்பகுதியில் தரைத்தளமே நொறுங்கி, இருக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னோக்கிக் குவிந்தன. இறக்கைக்கு மேலிருந்த நடுப்பகுதியில் பெரும்பாலான இருக்கைகள் இருந்த இடத்திலேயே நின்றன. இறக்கைக்குப் பின்னால் உடல் முறிந்து, வால் பகுதி மடங்கிக்கொண்டது. தலைக்கு மேல் சாமான் வைக்கும் பெட்டிகள் 30இல் ஒன்றைத் தவிர எல்லாம் கழன்று விழுந்தன.

அங்கேயே 39 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களில் மேலும் 8 பேர் இறக்க, மொத்தம் 47. எல்லாரும் பயணிகள். உயிர் பிழைத்த 79 பேரில் 74 பேருக்குக் கடுமையான காயம். பெரிய தீ மூளவில்லை. ஆய்வுக்கு இது முக்கியமான விஷயம். தீ மூண்டிருந்தால் புகையால் இறந்தவர் யார், மோதலால் இறந்தவர் யார் என்று பிரிப்பதே பெரும்பாடாகியிருக்கும். இங்கே ஏறக்குறைய எல்லாக் காயங்களும் மோதலின் காயங்கள்.

மருத்துவமனைகளில் கண்டது

நாட்டிங்காம், லெஸ்டர், டார்பி நகரங்களின் மருத்துவமனைகளுக்குக் காயம்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். சிகிச்சை தந்த எலும்பியல் மருத்துவர்களுக்குச் சீக்கிரமே ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது. தொடையெலும்பு, இடுப்பெலும்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புகள், கணுக்கால், பாதத்தின் பின்பகுதி என்று முறிவுகள் இடுப்புக்குக் கீழேயே குவிந்திருந்தன. தலைக்காயங்களும் நிறைய. ஆனால் எல்லாத் தலைக்காயங்களும் முகத்திலோ நெற்றியிலோ இல்லை. முன்னோக்கி வீசப்பட்டவர்களில் பலருக்குப் பின்மண்டையில் அடி.

கால் உடைந்தவருக்கு விமானத்தில் ஓர் ஆபத்து கூடுதல். அன்று பெரிய தீ மூளவில்லை. மூண்டிருந்தால், நினைவு தெளிவாக இருந்தும் எழுந்து நடக்க முடியாதவர்கள் வெளியே வந்திருக்க வழியில்லை. காலைக் காப்பதும் உயிரைக் காப்பதும் விமானத்தில் ஒன்றுதான் என்று இந்த விபத்தைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

எடுத்த முடிவு, அதன் காரணம்

வழக்கமாக இப்படியொரு விபத்துக்குப் பிறகு மருத்துவர்கள் வைத்தியம் பார்ப்பார்கள், புலனாய்வாளர்கள் உலோகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு கோப்புகளும் தனித்தனி அலமாரிக்குப் போய்விடும். இங்கே அப்படி நடக்கவில்லை. நாட்டிங்காம், லெஸ்டர், டார்பி, பெல்ஃபாஸ்ட் ஆகிய நான்கு ஊர்களின் மருத்துவர்கள் ஒரு கூட்டு ஆய்வுக்குழுவை அமைத்தார்கள். பயணிகளில் பலர் வட அயர்லாந்துக்காரர்கள், குணமாக வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதால் பெல்ஃபாஸ்டும் சேர்ந்தது. பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவோடு அந்தக் குழு தகவல்களைப் பகிர்ந்துகொண்டது.

அவர்கள் எடுத்த முதல் முடிவு, ஒவ்வொருவரின் காயத்தையும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் இட்டுப் பதிவது. ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை ஒரு தரம். உடலின் வெவ்வேறு பகுதிகளில் மிக மோசமான மூன்று காயங்களின் தர எண்களைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் மொத்தக் கடுமை, உச்சம் 75. மூன்று மருத்துவமனைகளில் வெவ்வேறு கைகள் எழுதிய குறிப்புகளை ஒப்பிட இப்படி ஒரு பொது மொழி வேண்டியிருந்தது. அடுத்து அந்த மதிப்பெண்களை இருக்கை வரைபடத்தின் மேல் பொருத்தினார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் தரை நொறுங்கிய முன்பகுதியிலும், இறக்கைக்குப் பின்னால் விமான உடல் முறிந்த இடத்திலும் இருந்தார்கள். அதாவது உயிரிழப்பைத் தீர்மானித்ததில் மோதலின் வேகத்துக்கு இருந்த அதே பங்கு, இருக்கைக்குக் கீழே தரை நின்றதா என்பதற்கும் இருந்தது.

தரை நின்ற இடங்களில் உயிர் பிழைத்தவர்களுக்கும் ஏன் இத்தனை கால்முறிவுகள் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

விசையின் கணக்கு

அதற்கு மோதலின் விசை தெரிந்தாக வேண்டும். கறுப்புப் பெட்டி உயரத்தையும் வேகத்தையும் சொல்லும். ஒவ்வோர் இருக்கையிலும் எத்தனை ஜி விசை விழுந்தது என்று சொல்லாது. ஒரு ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு. கிரான்ஃபீல்டு மோதல் ஆய்வு மையம், 'கிராஷ்' என்ற கணினி நிரலால் விமான உடலின் நொறுங்கலை மறுகட்டமைத்தது. உடைந்த உடலும் தரையில் பதிந்த தடங்களும் அந்தக் கணக்குக்கு அடிப்படை. இரண்டாவது மோதலில் உச்ச எதிர்முடுக்கம் 22 முதல் 28 ஜி வரை என்று விடை வந்தது.

அந்த எண்ணை உடலுக்கு மாற்றிப் பார்த்தால்தான் அதன் பொருள் புரியும். 25 ஜி என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ எடையுள்ளவரை இருக்கையில் பிடித்து நிறுத்த, அந்த ஒரு கணத்தில் சுமார் 1,900 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு காலும் பாதமும் உடல் எடையில் சுமார் 6 சதவீதம், அதாவது நாலரைக் கிலோ. அந்தக் கால் மட்டும் 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளைப்போல முன்னோக்கி இழுபடும். தலையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கையால் முன்னிருக்கையைப் பிடித்து இந்த விசையைத் தடுக்க முடியாது.

அந்த விமானத்தின் இருக்கைகள் 9 ஜி நிலைச் சோதனைக்கு, அதாவது மோதவிடாமல் ஒரே இடத்தில் வைத்து இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு, சான்று பெற்றவை. அந்த விதி 1950களின் விமானங்களுக்காக எழுதப்பட்டது. இருக்கைகள் விதி கேட்டதைவிட வலுவாகக் கட்டப்பட்டிருந்ததால்தான் நடுப்பகுதியில் அத்தனை பேர் பிழைத்தார்கள்.

தொடையெலும்பு எப்படி உடைந்தது

ஆய்வின் நடுப்பகுதி இதுதான். கார் விபத்துகளிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த விளக்கம் ஒன்று உண்டு. உடல் முன்னோக்கி வழுக்கும், முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும், விசை தொடையெலும்பின் நீளவாக்கில் மேலேறி எலும்பை முறிக்கும் அல்லது இடுப்பு மூட்டைப் பின்பக்கமாக நழுவச்செய்யும். விமானத்திலும் இதேதான், டேஷ்போர்டுக்குப் பதில் முன்னிருக்கையின் முதுகு என்று சொல்லி முடித்திருக்கலாம்.

ஆனால் அப்படி நடந்திருந்தால் அதற்குத் தடயங்கள் கூடவே வர வேண்டும். முழங்கால் சில்லில் முறிவு அல்லது சிராய்ப்பு, முழங்காலின் உள்ளே பின்பக்கத் தசைநாரில் கிழிசல், இடுப்பு மூட்டில் பின்நழுவல். எலும்பு முறிந்த விதமும் வேறுபடும். நீளவாக்கில் நசுங்கிய எலும்பும், குறுக்கே வளைந்து முறிந்த எலும்பும் எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி இருக்காது. வளைந்து முறியும்போது இழுபட்ட பக்கத்தில் பிளவு தொடங்கும், அழுந்திய பக்கத்தில் பெரும்பாலும் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு பெயரும்.

குழு முறிவுகளை இருக்கையின் அமைப்போடு வைத்துப் பார்த்தது. இருக்கையின் முன்விளிம்பில், மெத்தைக்கு அடியில், குறுக்காக ஓர் உலோகக் குழாய் ஓடுகிறது. இடுப்புப் பட்டி இடுப்பைப் பிடித்து நிறுத்துகிறது. மேலுடல் முன்னோக்கி மடங்குகிறது, தொடை மெத்தையை அமுக்கிக்கொண்டு குழாய்வரை இறங்குகிறது. அதே கணத்தில் முழங்காலுக்குக் கீழ் உள்ள கால் முன்னிருக்கைக்கு அடியில் வீசி எறியப்படுகிறது. தொடையெலும்பு அந்தக் குழாயின்மேல், முழங்காலில் ஒடித்த கரும்புபோல, வளைந்து முறிகிறது. நீளவாக்கு அழுத்தம் மட்டும் இந்த முறிவுகளை விளக்காது, குழாயின்மேல் வளைதல் அதில் பெரும்பங்கு வகித்தது என்பது குழு வந்தடைந்த முடிவு. கீழ்க்கால், கணுக்கால் முறிவுகளும் இதே வீச்சில் அடங்கிவிடுகின்றன. வீசப்பட்ட கால் முன்னிருக்கையின் அடிப்பகுதியில் மோதி உடைகிறது.

இது வெறும் கல்வி விவாதம் அல்ல. விளக்கம் மாறினால் தீர்வும் மாறும். முழங்கால் மோதல்தான் காரணம் என்றால் முன்னிருக்கையின் முதுகை மென்மையாக்க வேண்டும். கால் வீச்சும் குழாயும்தான் காரணம் என்றால் குழாயையும் காலை வைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். இருக்கை முதுகில் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் இரண்டாவது பிரச்சினை தீராது.

தலையும் பிரேஸ் நிலையும்

மோதலுக்குச் சுமார் 10 நொடி முன்புதான் விமானி ஒலிபெருக்கியில் எச்சரித்தார். சிலர் முழுதாகக் குனிந்தார்கள், சிலர் பாதி குனிந்தார்கள், சிலர் நிமிர்ந்தே இருந்தார்கள். மோதலுக்கு முன் தலையையும் உடலையும் குனித்துக்கொள்ளும் இந்த நிலையைத்தான் விமானத்தில் பிரேஸ் நிலை என்பார்கள். பிழைத்தவர்களிடம் குழு ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிந்தது. முழுதாகக் குனிந்தவர்களுக்குத் தலைக்காயமும் நினைவிழப்பும் குறைவாக இருந்தன. காரணம் எளிது. தலை முன்னிருக்கையை ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தால், அது வேகமெடுத்துப் போய் இடிக்க இடமில்லை.

பின்மண்டைக் காயங்களுக்கு விடை மேலிருந்து விழுந்த பெட்டிகளிலும் பின்னாலிருந்து வந்த பொருள்களிலும் இருந்தது. அதனால்தான் கைகளைத் தலைமேல் வைப்பது பற்றிய யோசனை வந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை என்று நினைக்கிறேன். இறந்தவர்களிடம் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்க முடியாது. தலையில் பலமாக அடிபட்டவருக்கு அந்த நொடிகள் நினைவிலும் இருக்காது. எனவே 'குனிந்தேன்' என்று சொல்லக்கூடியவர்களின் கூட்டத்திலேயே தலைக்காயம் குறைந்தவர்கள் அதிகம் இருப்பார்கள். வாக்குமூலத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த முடிவு பலவீனமாகவே நின்றிருக்கும். குழு அதோடு நிற்கவில்லை.

கணினி மாதிரியும் சோதனைத் தடமும்

கார் மோதல்களுக்காக நெதர்லாந்தில் உருவான 'மேடிமோ' என்ற நிரலில் ஒரு விமான இருக்கையையும் அதில் ஒரு மனித உடலையும் மாதிரியாக அமைத்தார்கள். ஹாட்டல் வைட்டிங் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் இந்த வேலையில் பங்கெடுத்தது. கிராஷ் நிரல் தந்த எதிர்முடுக்கம் உள்ளே போகும், உடல் அசையும் விதம் வெளியே வரும். வெளியே வந்தது காயப் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்த்தார்கள்.

பிறகு ஃபார்ன்பரோவில் இருந்த பிரிட்டன் விமானப்படை மருத்துவ ஆய்வகத்தின் சோதனைத் தடத்தில், ஹைப்ரிட் 3 என்னும் சோதனைப் பொம்மையை நிஜ இருக்கைகளில் உட்காரவைத்து மோதவிட்டார்கள். கால்களை முன்னே நீட்டி ஒரு முறை, முழங்காலுக்குப் பின்னே இழுத்து ஒரு முறை என்று நிலைகளை மாற்றி மாற்றிச் செய்தார்கள். பாதங்கள் பின்னே இருந்தபோது கீழ்க்கால் வீச்சு குறைந்தது. மேலுடல் முன்னே சாய்ந்து தலை முன்னிருக்கையைத் தொட்டிருந்தபோது தலையில் விழுந்த அடி குறைந்தது.

காயப் பதிவு, கணினி, சோதனைத் தடம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே திசையைக் காட்டும்போதுதான் காய ஆய்வில் ஒரு முடிவை நம்பலாம். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து இயக்கத்தைச் சொல்பவரும், கணினிப் படத்தை மட்டும் பார்த்துக் காயத்தைச் சொல்பவரும் நீதிமன்றத்தில் தன்னம்பிக்கையோடு பேசலாம். அந்த நம்பிக்கைக்குக் கீழே தரை இருக்காது.

அதன் பின் நடந்தவை

1990இல் வெளியான புலனாய்வு அறிக்கை 31 பரிந்துரைகளைச் செய்தது. இருக்கை, தரைத்தளம், தலைக்கு மேலுள்ள பெட்டிகள், சாதாரணப் பட்டியால் காக்க முடியாத கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் தனி இருக்கை ஆகியவை அவற்றில் சில.

1993இல் பிரிட்டன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் புதிய பிரேஸ் நிலையை ஏற்றது. பட்டியை இறுக்கிக்கொள்ள வேண்டும், முன்னே குனிந்து தலையை முன்னிருக்கையில் சாய்க்க வேண்டும், கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைமேல் வைக்க வேண்டும், விரல்களைக் கோத்துக்கொள்ளக் கூடாது, முன்கைகள் முகத்தின் இரு பக்கமும் அணைந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் பதிந்து முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்க வேண்டும். முன்னிருக்கையின் பையிலிருந்து எடுத்துப் படிக்கும் பாதுகாப்பு அட்டையில் இன்று காணும் படங்கள் பலவற்றின் வேர் இங்கேதான்.

பயணிகள் வேகமாகச் சாகவும், பல் அடையாளம் கெடாமல் இருக்கவும்தான் குனியச் சொல்கிறார்கள் என்று ஒரு வதந்தி வாட்ஸாப்பில் இன்னும் சுற்றுகிறது. அதை நம்பி ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர் தலைதான் போகும். கெக்வொர்த் தரவு இதற்கு நேரான மறுப்பு.

அமெரிக்கா 1988இலேயே புதிய விமான வடிவமைப்புகளுக்கு 16 ஜி இயங்குநிலைச் சோதனையை விதியாக்கியிருந்தது. இருக்கைத் தடங்களை 10 டிகிரி முறுக்கிவைத்து, பொம்மையோடு மோதவிடும் சோதனை அது. ஆனால் பழைய வடிவமைப்பில் புதிதாகக் கட்டப்படும் பயணிகள் விமானங்களுக்கும் அது கட்டாயமானது 2009 அக்டோபருக்குப் பிறகுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இது எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியாத தாமதம்.

மாற வேண்டியவை

அந்த 16 ஜி விதியில் தொடையெலும்புக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு காலுக்கு 2,250 பவுண்டு, அதாவது சுமார் 10 கிலோநியூட்டன். அது நீளவாக்கு அழுத்தத்துக்கான வரம்பு. குழாயின்மேல் வளையும் விசையை அது கேட்பதில்லை. ஆக, கெக்வொர்த்தில் தொடைகளை உடைத்த விதத்திலேயே ஓர் இருக்கை இன்றும் தொடையை உடைத்துவிட்டு, தேர்வில் தேறிவிடலாம். இந்த ஆய்வை இன்று யாராவது மறுபடி செய்தால் முதலில் பொம்மையின் தொடையில் வளைவை அளக்கும் கருவி பொருத்த வேண்டும். சராசரி ஆண் உடலளவுப் பொம்மையோடு நிற்காமல், சிறிய உடல்வாகுள்ள பெண்களுக்கும் உயரமானவர்களுக்கும் சோதனை செய்ய வேண்டும். குழாய் தொடையின் எந்த இடத்தில் படும் என்பது காலின் நீளத்தைப் பொறுத்தது.

மருத்துவமனையில் முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டியவையும் உண்டு. இருக்கை எண், பாதம் இருந்த இடம், பட்டி பதிந்த கன்றலின் உயரம், முழங்கால் தோலில் சிராய்ப்பு இருந்ததா இல்லையா. அறுவை முடிந்து கட்டுப் போட்ட பிறகு முழங்கால் தோலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நீளவாக்கு அழுத்தமா வளைவா என்று பிரிக்கும் சாட்சியம் அங்கேதான் இருக்கிறது. சிராய்ப்பு இல்லை என்பதையும் 'இல்லை' என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

பிரேஸ் நிலையும் முடிந்துபோன கணக்கு அல்ல. 2009இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில், இருவருக்கு ஒரே மாதிரியான தோள் முறிவு ஏற்பட்டது. முன்பக்கம் மடியாத புதிய வகை இருக்கை முதுகில் கைகளை ஊன்றிக் குனிவது அந்த இருக்கைக்குப் பொருந்தவில்லை என்று அமெரிக்கப் புலனாய்வு சுட்டியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஓக்லஹோமா சிட்டி ஆய்வகம் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கைகளை முன்னிருக்கையில் வைக்காமல் கால்களின் பக்கவாட்டில் கீழே விடச் சொல்கிறது. அடுத்த ஆண்டு, 2016இல், இந்த நிலைகளை ஒப்பிட்டு ஆராயப் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு சர்வதேச வாரியம் அமைத்தார்கள்.

கையைத் தலைமேல் வைப்பதா, கீழே விடுவதா? இருக்கையை மட்டும் பார்த்தால் அமெரிக்க விடை சரி. கெக்வொர்த்தில் கை தலைக்குப் போனது மேலிருந்த பெட்டிகள் விழுந்ததால். எனவே அந்தப் பெட்டிகள் மோதலில் கழலாமல் நிற்கும் என்று சோதித்துக் காட்டும்வரை, கைகளைத் தலையிலிருந்து எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.